மரம் பேணும் கைகள்

நுழையும்முன்

மரக்கன்று நடுவதை நாம் விழாவாகக் கொண்டாடுகிறோம். நட்ட கன்றைப் பேணுவதும், வளர்ந்த மரத்தின் கிளையை முறையாகக் கழிப்பதும், வெட்டிய கட்டையை வீணாக்காமல் பயன்கொள்வதும் அதே அளவு மதிப்புடைய அறிவாகும். அவ்வறிவின் பெரும்பகுதி ஏட்டில் எழுதப்படாமல், அரிவாளும் கோடரியும் பிடித்த கைகளிலேயே தங்கியிருக்கிறது. அக்கைகள் அறிந்தவற்றையும் அறிவியல் ஆய்ந்து கண்டவற்றையும் ஒருசேரக் காண்பதே இப்பாடத்தின் நோக்கம்.

ஐப்பசி மழை தொடங்குமுன் ஊர்தோறும் ஒரு காட்சியைக் காணலாம். சாலையோரத்தில் நிற்கும் வேம்பு மின்கம்பியைத் தொடுகிறது என்பதற்காக அதன் கிளைகள் அனைத்தும் வெட்டப்படும். மரம் மொட்டையாக நிற்கும். இரண்டு மாதங்களில் வெட்டுவாயைச் சுற்றிக் கொத்துக்கொத்தாகத் துளிர்கள் கிளம்பும். ‘மரம் பிழைத்துக்கொண்டது’ என்று மகிழ்ந்து நாம் கடந்து செல்வோம். சில ஆண்டுகள் கழியும். துளிர்கள் தடித்துக் கிளைகளாகும். ஒரு புயலிரவில் அவற்றுள் ஒன்று அடியோடு பிய்ந்து, கீழே ஒதுங்கி நிற்பவர் மீது விழும். ‘காற்றில் கிளை முறிந்தது’ என்று நாம் சொல்வோம். உண்மையில், அக்கிளையின் முறிவு அன்று நேர்ந்ததன்று. மரம் முறையின்றி வெட்டப்பட்ட நாளிலேயே அது தொடங்கிவிட்டது.

மரத்தின்மீது கொண்ட அன்பு மட்டும் மரத்தைக் காப்பதில்லை. அதன் உடலமைப்பை அறிந்து பழகும் கையே காக்கிறது.

அகக்காழும் புறக்காழும்

தமிழர் மரத்தை உற்றுநோக்கியே அறிந்தனர். தொல்காப்பியர் மரபியலில், உள்ளே வன்மை உடையவற்றை மரம் என்றும், புறத்தே வன்மை உடையவற்றைப் புல் என்றும் வகைப்படுத்துகிறார். காழ் என்பது வன்மை, வைரம். இப்பகுப்பின்படி வேம்பும் தேக்கும் மரங்கள். பனையும் தென்னையும் மூங்கிலும் புல்லினம். இன்றைய தாவரவியலும் பனை, தென்னை, மூங்கில் ஆகியவற்றைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரங்களாகவே கொள்கிறது.

‘வைரம் பாய்ந்த கட்டை’ என்பது மரத்தச்சர் நாவில் இன்றும் வழங்கும் சொல். தேக்கையோ வேம்பையோ குறுக்கே அறுத்துப் பார்த்தால் நடுவில் கருமை படர்ந்த பகுதியும், அதனைச் சூழ்ந்து வெளிறிய பகுதியும் தெரியும். நடுப்பகுதி வைரக்கட்டை, அது மரத்தைத் தாங்கி நிறுத்தும் தூண். வெளிறிய பகுதி சாற்றுக்கட்டை. வேர் உறிஞ்சிய நீர் இதன் வழியே மேலேறுகிறது. சாற்றுக்கட்டைக்கும் பட்டைக்கும் இடையே கேம்பியம் என்னும் மெல்லிய உயிரடுக்கு உள்ளது. ஆண்டுதோறும் உள்நோக்கிக் கட்டையையும் வெளிநோக்கிப் பட்டைத் திசுவையும் உண்டாக்கி மரத்தைப் பருக்கச் செய்வது இவ்வடுக்கே. இலைகள் ஆக்கிய உணவு, பட்டையின் உட்பகுதியில் அமைந்த ஃபுளோயம் வழியே வேருக்கு இறங்குகிறது. ஆகவே, மரத்தைச் சுற்றிலும் வளையமாகப் பட்டையை உரித்துவிட்டால், வேர் உணவின்றிப் பட்டினி கிடந்து நாளடைவில் மரம் முழுவதும் பட்டுப்போகும். விளம்பரப் பலகையைக் கட்டிய கம்பி தண்டை நெரிப்பதும், கன்றுக்கு இட்ட இரும்புக்கூண்டு மரம் பருத்த பின்னும் அகற்றப்படாமல் அதனை இறுக்குவதும் இவ்வகைத் தீங்கையே மெல்ல மெல்லச் செய்கின்றன.

மரத்தின் புண் ஆறுவதில்லை

நம் உடலில் வெட்டுக்காயம் பட்டால், அங்குள்ள திசு புதுப்பிக்கப்பட்டுப் புண் ஆறுகிறது. மரத்தின் புண் அவ்வாறு ஆறுவதில்லை. அழுகிய கட்டையை மீண்டும் உயிருள்ள கட்டையாக மாற்றும் ஆற்றல் மரத்திற்கு இல்லை. மாறாக, புண்பட்ட பகுதியைச் சுற்றி அது வேதிப்பொருள்களாலான தடுப்பு எழுப்புகிறது. அழுகல் அத்தடுப்பைக் கடந்து பரவாதவாறு அடைத்து வைக்கிறது. பிறகு புதிய கட்டையை வளர்த்துக் காயத்தை வெளியிலிருந்து மூடுகிறது.

அமெரிக்க வனத்துறையில் ஆய்வாளராக விளங்கிய அலெக்ஸ் ஷைகோ, ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்குவாட்டில் அறுத்து, அழுகல் எவ்வாறு பரவுகிறது என்பதை நேரில் கண்டு இவ்வுண்மையை நிறுவினார். 1970களில் அவர் வெளியிட்ட முடிவுகள் உலகெங்கும் மரம் பேணும் முறையை மாற்றின. வெட்டுவாயில் தார் பூசுவதும், பொந்தில் சிமெண்டுக் கலவையை அடைப்பதும் அழுகலைத் தடுப்பதில்லை என்பது இன்று தெளிவாகியுள்ளது. நல்ல வெட்டுக்கு மருந்து வேண்டா. தவறான வெட்டுக்கு எம்மருந்தும் உதவாது.

தெரிந்து தெளிவோம்

காய்ந்த குச்சி சுள்ளி. காய்ந்த சிறுகிளை விறகு. காய்ந்த கழி வெங்கழி. காய்ந்த கொம்பும் கவையும் அடியும் கட்டை. மரத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒவ்வொரு நிலைக்கும் தமிழில் தனிச்சொல் உண்டு என்பதைத் தேவநேயப் பாவாணர் தொகுத்துக் காட்டியுள்ளார். பயன்படுத்தியவர்கள் வேறுபாட்டை அறிந்திருந்தனர். அதனால் வேறுவேறு சொற்களைப் படைத்தனர்.

கவாத்து என்னும் கலை

தோட்டக்காரர்கள் கிளை கழித்தலைக் கவாத்து என்பர். எதைக் கழிப்பது, எங்கே வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது, எப்போது வெட்டுவது என்னும் நான்கு வினாக்களுக்கு விடை தெரிந்தவரே அரிவாளைக் கையில் எடுக்க வேண்டும்.

முதலில் கழிக்க வேண்டியவை பட்ட கிளைகள், நோயுற்ற கிளைகள், ஒன்றோடொன்று உராயும் கிளைகள் ஆகியவை. இளமரமாயின், ஒன்றுக்கு மேற்பட்ட தண்டுகள் போட்டியிட்டு மேலே செல்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அவற்றுள் வலிய ஒன்றை நிறுத்தி மற்றவற்றை அடக்கினால், பிற்காலத்தில் மரம் இரண்டாகப் பிளக்கும் இடர் நீங்கும். விரல் பருமனுள்ள கிளையை வெட்டிய காயம் விரைவில் மூடிக்கொள்ளும். தொடைப் பருமனுள்ள கிளையை வெட்டிய காயம் பல ஆண்டுகள் திறந்தே கிடக்கும். எனவே கன்றாக இருக்கும்போது ஐந்து நிமிடம் செலவிடுவது, பெருமரமான பின் ஒரு நாள் பாடுபடுவதைவிட மேலானது.

அடுத்து, வெட்டும் இடம். கிளை தண்டோடு சேருமிடத்தை உற்றுப் பார்த்தால், கழுத்துப்பட்டி போன்ற ஒரு தடிப்பு தெரியும். அழுகலைத் தடுக்கும் ஆற்றல் மிகுந்த பகுதி இதுவே. தண்டோடு ஒட்டி மழமழவென்று வெட்டினால் இத்தடிப்பு போய்விடும். காயம் தண்டுக்குள்ளேயே இறங்கும். மாறாக, ஒரு முழ நீளத்திற்குக் குச்சியை விட்டு வெட்டினால், அம்முளை பட்டுப்போய் அழுகலுக்கு வாயிலாகும். தடிப்பைச் சிதைக்காமல் அதற்குச் சற்று வெளியே வெட்டுவதே முறையாகும்.

பெரிய கிளையை ஒரே வெட்டில் வீழ்த்தலாகாது. வெட்டி முடியுமுன்னரே கிளை தன் எடையால் சாய்ந்து, தண்டின் பட்டையை நீளமாக உரித்துக்கொண்டு விழும். இதனைத் தவிர்க்க மூன்று வெட்டு முறை கையாளப்படுகிறது. தண்டிலிருந்து ஏறத்தாழ ஒரு முழம் தள்ளி, கிளையின் அடிப்புறத்தில் கால்பங்கு ஆழத்திற்கு ரம்பத்தால் அறுப்பது முதல் வெட்டு. அதற்குச் சில விரல் அளவு அப்பால், மேற்புறத்திலிருந்து அறுத்துக் கிளையை வீழ்த்துவது இரண்டாம் வெட்டு. பட்டை உரிந்தாலும் முதல் வெட்டோடு நின்றுவிடும். எஞ்சிய துண்டைக் கையால் தாங்கியவாறு, கழுத்துத் தடிப்புக்கு வெளியே சீராக அறுத்தெடுப்பது மூன்றாம் வெட்டு.

எவ்வளவு வெட்டுவது என்பதற்கும் எல்லை உண்டு. இலையே மரத்தின் அடுக்களை. ஓர் ஆண்டில் தழைப்பரப்பின் கால்பங்கிற்கு மேல் கழித்தல் ஆகாது. மரத்தை மொட்டையடித்தால் அது தன் சேமிப்பை எல்லாம் செலவிட்டுப் பட்டைக்கு அடியில் உறங்கும் அரும்புகளை எழுப்புகிறது. இயல்பான கிளை, தண்டின் கட்டையோடு ஆண்டுக்காண்டு பின்னிப் பிணைந்து வளர்கிறது. மொட்டையடித்தபின் எழும் துளிரோ வெளியடுக்கில் மட்டுமே ஒட்டிக்கொண்டு விரைந்து நீள்கிறது. அதன் அடியில் வெட்டுவாய் அழுகத் தொடங்குகிறது. தொடக்கத்தில் கண்ட வேம்பின் கிளை பிய்ந்து விழுந்ததற்குக் காரணம் இதுவே. மின்கம்பியின் கீழ் மரம் நட வேண்டுமெனில், உயர்ந்து வளராத மரத்தைத் தேர்ந்தெடுப்பதே முதற்கவாத்து ஆகும்.

காலமும் கருதத்தக்கது. இலையுதிர்க்கும் மரங்களுக்குத் துளிர்விடுமுன் உள்ள தை, மாசி மாதங்கள் ஏற்றவை. பட்ட கிளையை எக்காலத்தும் அகற்றலாம். குறிப்பாக, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே அகற்றிவிட வேண்டும். கிளையில் கூடு உண்டா, கூட்டில் குஞ்சு உண்டா என்று பார்த்த பின்னரே வெட்டத் தொடங்குதல் பண்பாடு.

மண்ணுக்குள் இருக்கும் மறுபாதி

உயர்ந்த மரத்திற்கு அதே அளவு ஆழமான வேர் இருக்கும் என்று பலரும் எண்ணுகின்றனர். பெரும்பாலான மரங்களின் வேர்களில் மிகுதியானவை மேல்மண்ணின் இரண்டடி ஆழத்திற்குள்ளேயே பரவியுள்ளன. பக்கவாட்டில் அவை கிளைகளின் நிழலையும் தாண்டிச் செல்கின்றன. வேரும் மூச்சுவிடுகிறது; அதற்கு மண்ணிடுக்குகளில் காற்று வேண்டும். மரத்தடி வரை சிமெண்டுத் தளம் போட்டால் நீரும் காற்றும் தடைப்படும். வடிகாலுக்கும் குழாய்க்கும் பள்ளம் தோண்டும்போது ஒருபக்க வேர்கள் அறுபட்டால், மரம் பச்சையாகவே நிற்கும். ஆனால் அப்பக்கத்தில் அதற்குப் பிடிமானம் இராது.

2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தபோது நகரின் எண்ணற்ற மரங்கள் வேரோடு சாய்ந்தன. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வீசிய கஜா புயல் நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் இலட்சக்கணக்கான தென்னைகளை வீழ்த்தி உழவர்களின் வாழ்வாதாரத்தைச் சிதைத்தது. கடும்புயலை முற்றிலும் எதிர்க்க எம்மரத்தாலும் இயலாது. எனினும், வேர் பரவ இடமும் சமநிலையான கிளையமைப்பும் உள்ள மரம் தாக்குப்பிடிக்கும் வாய்ப்பு மிகுதி.

ஆகவே கன்று நடும்போதே கவனம் வேண்டும். நீள அகல ஆழம் ஒவ்வொன்றும் 45 செ.மீ. உள்ள குழி, நாற்றுக்குப் பொதுவாகப் போதுமானது. நெகிழிப்பையைக் கிழித்து அகற்ற வேண்டும். பையோடு நட்ட கன்று பிழைப்பதரிது. பையின் அடியில் சுருண்டு கிடக்கும் வேரை நறுக்கிவிட வேண்டும். இல்லையெனில் அது வளர்ந்து மரத்தையே நெரிக்கும். தண்டும் வேரும் சேருமிடம் நிலமட்டத்தில் இருக்க வேண்டும். ஊன்றுகோலைத் தளர்வாகக் கட்டி, கன்று காற்றில் சற்றே அசைய விட வேண்டும். அசைவே தண்டுக்கு வலிமை தருகிறது. முதல் இரு கோடைகளில் தவறாமல் நீர் ஊற்ற வேண்டும். காய்ந்த சருகை மரத்தடியில் பரப்பினால் ஈரம் காக்கும். அதனைத் தண்டில் படுமாறு குவிக்கலாகாது.

விறகின் அறிவியல்

பாணபத்திரருக்காக இறைவனே மதுரை வீதிகளில் விறகு சுமந்து விற்றதாகத் திருவிளையாடற் புராணத்தின் விறகு விற்ற படலம் கூறுகிறது. நம் மரபு விறகு சுமக்கும் தொழிலை இழிவாகக் கருதவில்லை என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம். எரிவாயு அடுப்பு பரவிய பின்னும் சிற்றூர் வீடுகள், செங்கற்சூளைகள், தேநீர்க்கடைகள், திருமணக்கூடங்கள் எனப் பல இடங்களில் விறகின் தேவை நீடிக்கிறது.

விறகில் முதன்மையானது உலர்வு. பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி நீராக இருக்கக்கூடும். கொதிநிலையில் உள்ள ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,260 கிலோ ஜூல் வெப்பம் தேவை. முற்றிலும் உலர்ந்த ஒரு கிலோ கட்டை தரும் வெப்பம் ஏறத்தாழ 18,000 கிலோ ஜூல். பத்துக் கிலோ பச்சை விறகில் ஐந்து கிலோ நீர் எனக் கொண்டால், எஞ்சிய ஐந்து கிலோ கட்டை தரும் 90,000 கிலோ ஜூலில், 11,300 கிலோ ஜூல் அந்நீரை ஆவியாக்கவே செலவாகும். அதாவது, எட்டில் ஒரு பங்கு வீண். இழப்பு இதனோடு நிற்பதில்லை. ஈர விறகில் தீயின் வெப்பநிலை குறைவதால், கட்டையிலிருந்து வெளிவரும் வளிகள் முழுமையாக எரியாமல் புகையாகிப் போகின்றன. அப்புகை அடுப்பின் முன் அமர்ந்திருப்பவரின் கண்ணையும் நுரையீரலையும் தாக்குகிறது. காலமெல்லாம் ஊதுகுழலோடு போராடிய நம் பாட்டியரின் கண்ணீருக்கு, உலராத விறகும் புகைபோக்கி இல்லாத அடுக்களையும் காரணங்களாயின.

கட்டையைப் பிளந்தால் விரைவில் உலரும். பல மரங்கள் பச்சையாக இருக்கும்போதே எளிதில் பிளக்கும். கட்டையின் முனையில் இயல்பாகத் தோன்றிய வெடிப்பைக் கண்டறிந்து, அவ்வழியே கோடரியை இறக்க வேண்டும். முடிச்சுள்ள இடத்தைத் தவிர்க்க வேண்டும். பெருங்கட்டைக்கு ஆப்பு அடிக்க வேண்டும். கோடரி மண்ணில் பாயாமலும் காலில் படாமலும் இருக்க, கட்டையை அகன்ற அடிமரத்தின்மீது நிறுத்திக் காலை அகற்றி நின்று பிளப்பது வழக்கம். பிளந்த விறகைத் தரையில் குவிக்காமல், இரண்டு கழிகளைக் கிடத்தி அவற்றின்மீது இடைவெளி விட்டுக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்க வேண்டும். மேற்புறம் மட்டும் மூட வேண்டும். பக்கங்களில் காற்று புக வேண்டும். அடுக்கு முழுவதையும் தார்ப்பாயால் சுற்றினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். பங்குனியில் பிளந்து அடுக்கிய விறகு, கோடை வெயிலில் காய்ந்து மழைக்காலத்திற்குப் பயன்படும். உலர்ந்த விறகு எடை குறைந்திருக்கும், முனையில் வெடிப்பு ஓடியிருக்கும், பட்டை கழன்றுவரும், இரு துண்டுகளைத் தட்டினால் ‘கணீர்’ என ஒலிக்கும். ஈர விறகு ‘தொப்’பென்று ஒலிக்கும்.

எல்லா மரமும் அடுப்பிற்கு ஆகாது. அரளி நச்சுத்தன்மை உடையது; அதனை எரிக்கலாகாது. வண்ணம் பூசிய பலகையும், பூச்சி அரிக்காதிருக்க வேதிப்பொருள் ஏற்றிய கட்டையும் தீங்கான புகையைத் தரும்.

தெரிந்து தெளிவோம்

சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயரைத் தந்தது தில்லை மரம். பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் இதனை இன்றும் காணலாம். இதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். இதன் புகையும் கண்ணுக்குத் தீங்கானது. எனவே, மரத்தின் பெயரறிந்த பின்னரே அதன்மீது கத்தி வைக்க வேண்டும் என்பது பட்டறிவு.

சவுக்கும் சீமைக்கருவேலமும்

நம் கடற்கரையோரங்களில் தோப்பாக நிற்கும் சவுக்கு, 19ஆம் நூற்றாண்டில் தொடர்வண்டி இயந்திரங்களுக்கு விறகு தேவைப்பட்டபோது சோழமண்டலக் கரையில் பெருமளவில் பயிரிடப்பட்டது. இதன் வேர்முடிச்சுகளில் வாழும் பிராங்கியா என்னும் நுண்ணுயிரி காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைநிறுத்துவதால், மணற்பாங்கான ஏழைமண்ணிலும் சவுக்கு செழிக்கிறது. அடர்ந்த இதன் கட்டை நின்று எரியும்.

இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் பரவியுள்ள சீமைக்கருவேலம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. விறகுக்கென வரவேற்கப்பட்ட இம்மரம், விளைநிலங்களிலும் கண்மாய்களிலும் புகுந்து பிற தாவரங்களை நெருக்கிவிட்டது. அதேவேளையில், இதனை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கிப் பிழைக்கும் குடும்பங்களும் அங்கு உள்ளன. அடிவேரை விட்டுவிட்டுத் தண்டை மட்டும் வெட்டினால் இது முன்னிலும் அடர்த்தியாகத் தழைக்கும். எனவே, இதனை ஒழிக்க வேண்டிய இடத்தில் வேரோடு பெயர்த்து, அவ்விடத்தில் நாட்டு மரங்களை நட்டுப் பேண வேண்டும். ஒரு மரம் நன்மையா தீமையா என்பது மரத்தை மட்டும் பொறுத்ததன்று; அது நிற்கும் இடத்தையும் நாம் அதனைக் கையாளும் முறையையும் பொறுத்தது.

வெட்டியும் வளர்த்தல்

வெட்டுதல் என்பது எப்போதும் அழித்தல் ஆகாது. தேக்கு, தைலமரம், சவுண்டல் முதலிய மரங்களை அடியோடு ஒட்டி வெட்டினால், அடிக்கட்டையிலிருந்து மறுதழைவு எழும். வெட்டுவாய் நீர் தேங்காதவாறு சாய்வாகவும், பட்டை கிழியாதவாறு சீராகவும் இருத்தல் வேண்டும். எழும் துளிர்களில் வலிய ஒன்றிரண்டை விட்டு மற்றவற்றை நீக்கினால், முன்பே ஊன்றிய வேரின் துணையால் அவை விரைந்து வளரும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆனைமலைப் பகுதியில் வன அலுவலராகப் பணியாற்றிய ஹியூகோ வுட், கப்பலுக்கும் தொடர்வண்டிப் பாதைக்கும் வெட்டி ஓய்ந்துபோன தேக்குக் காட்டை மீண்டும் உருவாக்கினார். தம் கைத்தடியால் மண்ணில் குழியிட்டுத் தேக்கு விதைகளை ஊன்றியவாறே அவர் காட்டில் நடப்பார் என்று இன்றும் அப்பகுதியில் சொல்வர். முன்னாளில் மலையுச்சியிலிருந்து மரங்களைச் சரிவில் உருட்டிவிட்டதால் டாப்ஸ்லிப் எனப் பெயர்பெற்ற இடத்தின் அருகே, அவர் வளர்த்த தேக்குகளின் நிழலில் அவருடைய கல்லறை இருக்கிறது.

உயிர்காக்கும் ஒழுங்கு

மரம் வீழ்த்துதல் இடர்மிக்க தொழில். உரிய பயிற்சி இல்லாதவர், குறிப்பாக மாணவர், இதில் இறங்கலாகாது. எனினும், இதன் ஒழுங்கை அறிந்திருத்தல் அனைவருக்கும் நன்று. கூலிக்கு ஆளமர்த்துவோரும் வேடிக்கை பார்ப்போரும் அறியாமையால் உயிரிழப்புக்குக் காரணமாகிவிடக்கூடும்.

வெட்டத்தான் வேண்டுமா என்பது முதல் வினா. உரிமை உண்டா என்பது இரண்டாவது. சந்தன மரத்தை வனத்துறையின் இசைவின்றி வெட்டுதல் குற்றம். மலைப்பகுதிகளில் மரம் வெட்டுவதை 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. மின்கம்பிக்கு அருகிலுள்ள மரமாயின், மின்வாரியத்திற்கு அறிவித்து மின்னோட்டத்தை நிறுத்திய பின்னரே பணி தொடங்க வேண்டும்.

பிறகு மரத்தைச் சுற்றி வந்து பார்க்க வேண்டும். எப்பக்கம் சாய்ந்துள்ளது, எப்பக்கம் கிளை மிகுதி, உள்ளே பொந்து உண்டா, மேலே பட்ட கிளை தொங்குகிறதா, காற்று எத்திசையில் வீசுகிறது என்பவற்றைக் கணிக்க வேண்டும். மரத்தின் உயரத்தைப் போல் இருமடங்கு தொலைவிற்குள் பிறர் எவரும் நிற்கலாகாது. வெட்டுபவர் விலகிச்செல்ல, விழும் திசைக்கு எதிரே இருபுறமும் சாய்வாக வழி ஒழுங்குசெய்து கொள்ள வேண்டும்.

விழவேண்டிய பக்கத்தில் தண்டின் விட்டத்தில் கால்பங்கு ஆழத்திற்கு ஆப்பு வடிவில் வாய் எடுப்பது முதற்படி. அதன் எதிர்ப்புறத்தில், வாயின் அடிக்குச் சற்று மேலே, பின்வெட்டு தொடங்கும். இரண்டு வெட்டும் சந்தித்துவிடலாகாது. விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கட்டை நடுவில் நிற்க வேண்டும். 40 செ.மீ. விட்டமுள்ள மரமாயின், வாய் 10 செ.மீ. ஆழமும், நடுவில் நிற்கும் கட்டை 4 செ.மீ. தடிப்பும் உடையதாக இருக்கும். கதவுக்குக் கீல் போல இக்கட்டையே மரத்தை உரிய திசையில் சாய்க்கிறது. அதனை அறுத்துவிட்டால் மரம் எத்திசையில் விழும் என்பதை எவராலும் சொல்ல இயலாது. மின்னறுவை ரம்பமோ எரிபொருள் ரம்பமோ எதுவாயினும், அதன் முனை கட்டையில் பட்டால் திடீரென மேல்நோக்கி எகிறும். ஆகவே தலைக்கவசம், கண்ணாடி, கால்காப்பு ஆகியன ஆடம்பரம் அல்ல. தனியாக மரம் வெட்டுதல் ஒருபோதும் கூடாது.

நாள்கூலிக்கு மரமேறுபவர், பெரும்பாலும் இடுப்பில் ஒரு கயிறு மட்டுமே கட்டி ஏறுகிறார். அவருக்குப் பாதுகாப்புக் கருவி வாங்கித் தரும் செலவைக் கூலியில் பேரம் பேசிக் குறைப்பது, மரத்தின்மீது காட்டும் அன்பை மனிதர்மீது காட்ட மறுப்பதாகும்.

கற்க வழிகள்

மரம் பேணுதல் இன்று உயர்கல்வியாகவும் வளர்ந்துள்ளது. கோயம்புத்தூரில் 1902இல் தொடங்கப்பட்ட காஸ் வன அருங்காட்சியகம், தென்னகக் காடுகளின் மரவகைகளையும் பயன்பாடுகளையும் காட்சிப்படுத்துகிறது. 1912இல் அந்நகரில் வனக்கல்லூரி தோன்றியது. 1988 முதல் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் அங்கேயே இயங்குகிறது. மேட்டுப்பாளையத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வனக்கல்லூரி இளநிலைப் பட்டப்படிப்பை வழங்குகிறது. தமிழ்நாட்டின் பசுமைப்பரப்பை 33 விழுக்காடாக உயர்த்தும் நோக்குடன் 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டது. நடப்படும் கன்றுகள் மரமாக நிலைக்க, நடுபவர்களைவிடப் பேணுபவர்களே மிகுதியாகத் தேவைப்படுவர்.

சிறுவர் கதைகளில் விறகுவெட்டி பெரும்பாலும் ஏழையாகவும் எளியவனாகவும் வருகிறான், அறிவாளியாக வருவதில்லை. ஆனால் கட்டையின் முனையைப் பார்த்தே அதன் பிளவுவழியைச் சொல்பவரும், தட்டிய ஒலியிலேயே உள்ளே பொந்துண்டு என்று உணர்பவரும், காற்று திரும்புவதைக் கண்டு அரிவாளை இறக்கிவைப்பவரும் நூல்கள் பல கற்றவருக்கு ஒப்பானவரே. உங்கள் தெருவில் அடுத்தமுறை ஒரு கிளை கழிக்கப்படும்போது சற்று நின்று பாருங்கள். வெட்டு எங்கே விழுகிறது என்று நோக்குங்கள். தவறெனத் தோன்றினால் பணிவோடு வினவுங்கள். சரியெனக் கண்டால் அக்கைகளை வாயாரப் பாராட்டுங்கள். அம்மரத்தின் நிழலில் நிற்கப் போகிறவர்கள் நீங்களும் உங்களுக்குப் பின் வருவோருமே ஆவர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி வளாகத்தில் உள்ள மரங்களைப் பட்டியலிட்டு, ஆணி அடிக்கப்பட்டவை, கம்பி இறுகியவை, அடிவரை தளம் போடப்பட்டவை எவை எனக் குறித்துத் தலைமையாசிரியருக்கு விண்ணப்பம் எழுதுக.

2. உங்கள் பகுதியில் மரம் வெட்டும் தொழிலாளி அல்லது மரத்தச்சர் ஒருவரைக் கண்டு உரையாடி, அவர் பயன்படுத்தும் கருவிகளின் பெயர்களையும் தொழிற்சொற்களையும் தொகுத்து வகுப்பறையில் படித்துக் காட்டுக.

3. ‘மரம் நடுவதைவிட மரம் பேணுவதே அரிது’ என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.